சின்ன வெங்காயம் தேக்கா வந்து சேரும் வழி

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குப் போனால் சின்ன வெங்காயக் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். வாங்கப்போவது அரைக் கிலோதான். இருந்தாலும் கையில் அள்ளிப் பார்ப்பேன். கழுத்து காய்ந்து ஒடுங்கியிருக்கிறதா, தோல் உரியாமல் ஒட்டியிருக்கிறதா, உள்ளே முளை கிளம்பியிருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வயதுப் பழக்கம். பெரம்பலூர் மாவட்டத்தில் செட்டிகுளத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. அண்ணன் இன்றைக்கும் அங்கே வெங்காயம்தான் போடுகிறார்.

சில வருடங்களுக்கு முன்னால், கடையில் நின்றபடியே அவருக்கு போன் செய்து இங்கே விற்கும் விலையை ரூபாயில் மாற்றிச் சொன்னேன். அந்த வாரம் மண்டியில் அவருக்குக் கிடைத்ததைவிட அது பல மடங்கு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நடுவுல இருக்கற அவ்வளவும் யாருக்குப் போவுது தம்பி?" என்று கேட்டார். "தரகருக்குத்தாண்ணே, வேற யாருக்கு" என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில் அது. சரியான பதில் கொஞ்சம் நீளமானது.

வெங்காயம் வரும் வழியைப் பார்ப்போம். நட்டதிலிருந்து 70 நாள் சுமாரில் பிடுங்குவார்கள். காயவைத்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தாள் அறுப்பார்கள். சாக்கில் பிடித்து திருச்சி மண்டிக்கோ, திண்டுக்கல்லுக்கோ, ஒட்டன்சத்திரத்துக்கோ அனுப்புவார்கள். மண்டியில் கமிஷன் வியாபாரி விற்றுக்கொடுப்பார். ஏற்றுமதி செய்பவர் அங்கே வாங்கி, பருமன் பார்த்துப் பிரித்து, வலைப்பையில் கட்டி, தூத்துக்குடியில் கப்பல் ஏற்றுவார். அவசரமென்றால் திருச்சியிலிருந்து விமானம். இங்கே இறக்குமதி செய்பவருக்கு உரிமம் வேண்டும், ஒவ்வொரு முறை சரக்கு வரும்போதும் சிங்கப்பூர் உணவு அமைப்பின் அனுமதி வேண்டும். அப்புறம் மொத்த வியாபாரி, கடைக்காரர், கடையில் மூட்டை தூக்கும் நம்மூர்த் தம்பி, கடைசியில் நான்.

இந்த வரிசையில் சும்மா நிற்பவர் யாரும் இல்லை. மண்டி வியாபாரி இல்லையென்றால், அண்ணன் தன் 20 மூட்டையோடு வாங்குபவரைத் தேடித் தெருத் தெருவாக அலைய வேண்டும். ஏற்றுமதி செய்பவர் தரம் பிரிக்கவில்லையென்றால், அழுகின ஒரு வெங்காயம் கப்பல் பெட்டியில் இருக்கும் மூட்டையை எல்லாம் கெடுத்துவிடும். ஊர் வெயிலில் கிடக்கும் வெங்காயமும், தேக்காவில் வாங்கத் தயாராக இருப்பவர் முன்னால் இருக்கும் வெங்காயமும் ஒரே பொருள் இல்லை. இடம் மாறியிருக்கிறது, காலம் மாறியிருக்கிறது, தரம் பார்த்தாகிவிட்டது. இவை ஒவ்வொன்றும் மதிப்புக் கூட்டல்தான், இதைச் செய்பவருக்குக் கூலி கிடைப்பதும் நியாயம்தான்.

1993-ல் ஜேம்ஸ் மூர் என்ற அமெரிக்கர் ஒரு வணிக இதழில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். காட்டில் மரமும் பூச்சியும் பறவையும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதுபோல, ஒரு நிறுவனம் தன்னைச் சுற்றியுள்ள விற்பனையாளர், கொள்முதல் செய்பவர், கடன் தருபவர், போட்டியாளர் எல்லோரோடும் சேர்ந்தேதான் வளர்கிறது என்றார். வணிகச் சூழலமைப்பு என்று தமிழில் சொல்கிறோம். அவர் யோசித்தது கம்ப்யூட்டர் நிறுவனங்களையும் கார் நிறுவனங்களையும் பற்றி. ஆனால் விவசாயத்துக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. விதைக்காரர், உரக்கடை, பம்புசெட் மெக்கானிக், கூட்டுறவு வங்கி, லாரி, மண்டி என்று ஒருவர் தடுமாறினால் எல்லோரும் தடுமாறும் தொழில் இது.

நம் ஊர்களுக்கு இந்த எண்ணம் புதிதும் இல்லை. நெல் அடித்த களத்திலேயே தச்சர், கொல்லர், சலவைத் தொழிலாளி, நாவிதர், நீர் பாய்ச்சியவர், காவல்காரர் எல்லோருக்கும் மரக்காலால் அளந்து கொடுத்த காலம் ஒன்று இருந்தது. களத்தில் கொடுக்கும் அந்தப் பங்குக்கு சுதந்திரம் என்றே பெயர். எல்லோர் கண் முன்னாலும் அளந்தார்கள், அது நல்லது. ஆனால் யாருக்கு எத்தனை மரக்கால் என்பதைச் சாதியும் நிலவுடைமையும் முன்பே தீர்மானித்து வைத்திருந்தன. நாள் முழுக்கச் சேற்றில் நின்றவருக்கு மிஞ்சியதுதான் கிடைத்தது. தஞ்சையில் குத்தகைதாரர் பங்கையும் பண்ணையாள் கூலியையும் உயர்த்த 1952-ல் அரசு சட்டம் போட வேண்டியிருந்தது. எல்லோரும் சேர்ந்து உண்டாக்குகிறோம் என்பதாலேயே எல்லோருக்கும் நியாயமாகப் பங்கு வந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. மதிப்பை உண்டாக்குவது ஒரு கதை, அதைப் பங்கு போடுவது வேறு கதை.

முதல் கதையைக் கேரளத்துக் கடற்கரையில் பார்க்கலாம். 1997-லிருந்து 2001-க்குள் அங்கே செல்போன் கோபுரங்கள் வந்தன. அதற்கு முன்னால் மீனவர் கரைக்கு வந்த பிறகுதான் விலை தெரியும். ஒரு துறையில் மீன் மலிந்துபோய், விற்காததைக் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு துறையில் வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவார். கடலில் இருந்தபடியே போன் செய்து எந்தத் துறைக்குப் போவது என்று முடிவு செய்ய முடிந்ததும் கொட்டுவது அநேகமாக நின்றுபோனது. மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு ஏறியது, வாங்குபவருக்கு விலை 4 விழுக்காடு இறங்கியது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-ல் கணக்குக் காட்டினார். யாருடைய பங்கையும் பிடுங்காமல் இரண்டு பக்கமும் நன்மை. வீணாகிக் கொண்டிருந்தது வீணாகாமல் போனதே அந்த மதிப்பு.

இரண்டாவது கதை கடினமானது. நுகர்வோர் கொடுக்கும் 100 ரூபாயில் விவசாயிக்குத் தக்காளியில் 33 ரூபாயும், வெங்காயத்தில் 36 ரூபாயும், உருளைக்கிழங்கில் 37 ரூபாயும் சேர்கின்றன என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வுக் கட்டுரைகள் 2024-ல் சொல்லின. இது உள்நாட்டுக் கணக்கு, பெரிய வெங்காயக் கணக்கு. கடல் தாண்டும் சரக்குக்கு வழி இன்னும் நீளம். மீதியில் வண்டி வாடகை, கூலி, கமிஷன், சேதாரம் எல்லாம் இருக்கின்றன, முழுக்க லாபம் இல்லை. ஆனாலும் ஏன் இந்த அளவு, ஏன் பயிருக்குப் பயிர் இவ்வளவு மாறுகிறது என்று கேட்டால், எனக்குப் புரிந்த விடை ஒன்றுதான். யாரால் காத்திருக்க முடிகிறதோ அவர் கையில்தான் விலை இருக்கிறது.

மல்லிகையைப் பாருங்கள். விடியுமுன் பறித்த மொட்டு மாலைக்குள் விரிந்துவிடும். முகூர்த்த நாளிலும் பொங்கலுக்கு முன்னாலும் மதுரை மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் போகும், வரத்து கூடின சாதாரண நாளில் பறித்த கூலிக்குக் கட்டாது. "நாளைக்கு விக்கிறேன்" என்று பூக்காரர் சொல்லவே முடியாது. அது தெரிந்தவர்தான் எதிரில் நின்று விலை கேட்கிறார்.

ஈரோட்டு மஞ்சள் நேர் எதிர். வேகவைத்துக் காயவைத்துப் பாலீஷ் போட்டு வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். விலை பிடிக்கவில்லையென்றால் மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் வைத்துவிட்டு, அதன் மதிப்பில் ஒரு பகுதியைப் பொருளீட்டுக் கடனாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணமும் கட்டலாம், விலைக்கும் காத்திருக்கலாம். ஏலத்தில் விரலி மஞ்சளுக்கு என்ன விலை, கிழங்கு மஞ்சளுக்கு என்ன விலை என்று நாளிதழிலேயே வருகிறது. மஞ்சள் விலையும் விழுகிறது, வருடக்கணக்கில் விழுந்தே கிடந்ததும் உண்டு. ஆனால் அன்றைக்கே விற்றாக வேண்டும் என்ற கழுத்துப்பிடி குறைவு.

சின்ன வெங்காயம் இரண்டுக்கும் நடுவில். வயலோரத்தில் மூங்கிலும் குச்சியும் கட்டி, மேலே கூரை வேய்ந்து, காற்று புகும்படி பட்டறை போட்டால் சில மாதம் தாங்கும். பட்டறை போட்டவர் கொஞ்சம் பேரம் பேசலாம். ஆனால் உள்ளே ஈரம் புகுந்தால் அழுகல், அதிகம் வைத்தால் முளை, எடையும் தினம் தினம் குறையும். அதைவிடப் பெரிய தொல்லை வேறு இருக்கிறது. விதை வெங்காயம் வாங்க முன்பணம் கொடுத்தது மண்டி வியாபாரி என்றால், பட்டறை எத்தனை நன்றாக இருந்தாலும் சரக்கு அவரிடம்தான் போக வேண்டும், அவர் கேட்கும்போது போக வேண்டும். அண்ணன் பல வருடம் அப்படித்தான் விற்றார். மூட்டைக்கு இவ்வளவு கழிவு என்று அந்த வியாபாரி எடையில் பிடிப்பார், ஏன் என்று கேட்க முடியாது. கேட்டால் அடுத்த பட்டத்துக்கு முன்பணம் வராது. அதே வியாபாரிதான் அக்கா கல்யாணத்துக்கு ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டியபோது பணம் எடுத்துக் கொடுத்தவர். எங்கள் வீட்டில் அவரை யாரும் கெட்டவர் என்று சொன்னதில்லை. விவசாயிக்கு வங்கி, காப்பீடு, சந்தை மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

ஆகவே ஒரு புதிய ஏற்பாடு விவசாயிக்கு நல்லதா என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்வி. இது அவருக்குக் காத்திருக்கும் திறனைக் கொடுக்கிறதா, இல்லை தட்டுவதற்கு இரண்டாவது கதவையாவது திறக்கிறதா?

ஐடிசி நிறுவனம் 2000-ல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய இ-சௌபால் இரண்டாவது கதவுக்கு நல்ல உதாரணம். ஊரில் ஒரு விவசாயி வீட்டில் கம்ப்யூட்டர் வைத்து, சோயா மொச்சை என்ன விலைக்கு எடுக்கப்படும் என்று முன்கூட்டியே காட்டினார்கள். மண்டிக்குப் போகலாம், நிறுவனத்தின் கொள்முதல் மையத்துக்கும் போகலாம். அந்த மாவட்டங்களில் மண்டி விலையே 1 முதல் 3 விழுக்காடு ஏறியதாக 2010-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நிறுவனத்துக்கு ஒரு மூட்டைகூட விற்காதவருக்கும் பலன் போய்ச் சேர்ந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். சோயா, கோதுமை மாதிரி சில நாள் தாங்கும் பயிருக்கு இது சரி. மல்லிகைக்கு விலை தெரிந்து என்ன செய்வது?

குஜராத்தின் ஆனந்த் ஊரில் நடந்தது இன்னும் ஆழமானது. பாலும் மல்லிகை மாதிரிதான், சாயங்காலம் வரை நிற்காது. 1940-களில் கேடா மாவட்டத்துப் பாலை ஒரே தனியார் நிறுவனம் வாங்கியது, அது சொன்னதே விலை. விவசாயிகள் பால் ஊற்ற மறுத்துப் போராடி, 1946 டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்தார்கள். சங்கம் வைத்ததோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். குளிர்காலத்தில் எருமை அதிகம் கறக்கும், அந்த உபரியை வாங்க ஆள் இருக்காது. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். எச்.எம். தலாயா என்ற பொறியாளர் முடியும் என்று செய்து காட்டினார். 1955-ல் அவர்களுடைய ஆலை எருமைப் பாலில் பொடி எடுத்தது. அன்றோடு பாலுக்குக் காத்திருக்கும் சக்தி வந்துவிட்டது. அந்தச் சக்தி பால்காரர்களுக்கே சொந்தமான ஆலையில் இருந்தது. நுகர்வோர் தரும் ரூபாயில் 80 பைசாவுக்கு மேல் உற்பத்தியாளருக்குப் போகிறது என்று, அந்தச் சங்கத்திலிருந்து வளர்ந்த அமுல் இன்றைக்குச் சொல்கிறது. அதை நடத்தி வளர்த்த வர்கீஸ் குரியனின் நிர்வாகத்தை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழ வேண்டியதுதான். ஆனால் அந்தப் பொடி ஆலையை யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கொங்குப் பக்கம் வேறு மாதிரி ஒன்று வளர்ந்தது. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் கறிக்கோழி நிறுவனங்கள் குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கொடுத்துவிடும். விவசாயி கொட்டகையும் உழைப்பும் போட்டு வளர்த்துக் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தையில் கோழி விலை விழுந்தாலும் கூலி வந்துவிடும். மழை இல்லாத ஊரில் இது எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றியது. ஆனால் கொட்டகைக் கடன் விவசாயி தலையில் இருக்கிறது, கொட்டகையை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. கூலியை உயர்த்தச் சொல்லி வளர்ப்பாளர்கள் திரும்பத் திரும்பப் போராட வேண்டியிருப்பது அதனால்தான். விலை விழும் பயம் போய்விட்டது, பேரம் பேசும் பலமும் கூடவே போய்விட்டது.

சரி, அண்ணன் மாதிரி ஆட்களுக்கு என்ன வழி? இப்போது எல்லோரும் கைகாட்டுவது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். 10 உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் கம்பெனியாகவே பதிவு செய்யலாம், பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. 2020-ல் இந்திய அரசு இப்படி 10,000 நிறுவனங்கள் அமைக்க ஒரு திட்டம் அறிவித்தது, 2025 பிப்ரவரியில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிட்டதாகவும் அறிவித்தது. எண்ணிக்கையைத் தொடுவது சுலபமான பாதி.

மீதிப் பாதியை அண்ணன் சேர்ந்திருக்கும் நிறுவனத்தில் நானே பார்த்தேன். ஆரம்பத்தில் எல்லோருக்கும் உற்சாகம். உரம் மொத்தமாக வாங்கினார்கள், மூட்டைக்குக் கொஞ்சம் மிச்சமானது. வெங்காயத்தைச் சேர்த்து நேரடியாக ஏற்றுமதி செய்பவருக்குக் கொடுத்தபோது விலையும் மண்டியைவிடக் கூடுதல்தான். ஆனால் பணம் வர வாரக்கணக்கில் ஆனது. மண்டியில் சாயங்காலமே கையில் காசு. தாள் அறுத்த பெண்களுக்கு அன்றைக்கே கூலி கொடுக்க வேண்டும், அவர்கள் வீட்டில் அன்றைக்கே உலை வைக்க வேண்டும். அதனால் இரண்டாவது தடவை பாதிப்பேர் சரக்கை மண்டிக்கே கொண்டுபோய்விட்டார்கள். உறுப்பினர்களுக்கு ஒற்றுமை இல்லை என்று கூட்டத்தில் பேசியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்டி வியாபாரி விலையோடு சேர்த்துக் கடனும் உடனடிப் பணமும் கொடுத்துக்கொண்டிருந்தார். விலையை மட்டும் கொடுக்கும் நிறுவனம் அவரோடு போட்டியிட முடியாது. சரக்கு வந்த அன்றே ஒரு பகுதிப் பணத்தைக் கொடுத்துவிட நிறுவனத்துக்கு நடைமுறை மூலதனம் வேண்டும், அதற்கு வங்கி வேண்டும். சூழலமைப்பில் ஒரு இடத்தைப் புதிதாக எடுத்துக்கொள்பவர் அந்த இடத்தில் இருந்தவர் செய்த எல்லா வேலையையும் செய்தாக வேண்டும்.

இதில் சிங்கப்பூர் எங்கே வருகிறது? உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் ஊர் இது, வயல் என்று சொல்ல கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் சில பண்ணைகள்தான். ஆனால் பிறர் வயலில் விளைவதற்கு இங்கேதான் விலை பேசுகிறார்கள். 1911-லேயே ரப்பருக்கு இங்கே ஒரு வர்த்தக சங்கம் அமைத்து ஏலம் நடத்தினார்கள். மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய நம் முன்னோர் அந்த ஏலத்தைப் பார்த்ததே இல்லை. இன்றைக்கும் தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் சின்ன நிலத்தில் ரப்பர் வெட்டும் குடும்பங்கள் சிங்கப்பூர்ச் சந்தையின் முன்பேர விலையை, அதாவது பின்னால் கொடுக்கும் சரக்குக்கு இன்றே பேசும் விலையை, பார்த்துத்தான் வியாபாரியிடம் பேசுகின்றன. 1989-ல் நைஜீரியாவில் முந்திரி ஏற்றுமதியோடு தொடங்கிய ஓலம் நிறுவனம் பின்னால் தலைமையிடத்தை இங்கே மாற்றி, 2005-ல் இங்கே பங்குச் சந்தையில் பட்டியலானது. கப்பல், வங்கி, காப்பீடு, வழக்குத் தீர்க்கும் ஏற்பாடு எல்லாம் ஒரே ஊரில் கிடைப்பதால் வந்தார்கள். காத்திருக்கும் திறனை விற்கும் ஊர் என்றே இதைச் சொல்லலாம்.

காத்திருக்க முடியாதபோது என்ன ஆகும் என்பதை நாமும் ஒரு முறை பார்த்தோம். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியதும் கடைகளில் பொன்னி அரிசியைத் தேடி அலைந்தது நினைவிருக்கும். ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூருக்கு 50,000 டன் அனுப்பச் சிறப்பு அனுமதி கிடைத்தது. அரசோடு அரசு பேச முடிந்ததால் நமக்குத் தட்டுப்பாடு சீக்கிரம் தீர்ந்தது. அதே வருடம் டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்து 2024 மே மாதம் வரை நீடித்தது. தேக்காவில் நாங்கள் வேறு நாட்டு வெங்காயம் வாங்கிச் சாம்பார் வைத்தோம், ருசி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஏற்றுமதியை நம்பிப் பயிர் வைத்தவருக்கு அது ஒரு பட்டமே போன கணக்கு. இத்தனைக்கும் தடை போட்ட காரணம் வட இந்தியாவில் பெரிய வெங்காய விலை. சின்ன வெங்காயம் வேறு பயிர், வேறு சந்தை, அதற்கு ஏற்றுமதியில் தனிக் குறியீடு வேண்டும் என்று தமிழக விவசாயிகள் கேட்டு வருகிறார்கள். நியாயமான கோரிக்கை. லாபத்தைப் பங்கு போடும் வரிசையில் கடைசியில் நிற்பவர் நஷ்டத்தைப் பங்கு போடும்போது முதலில் நிற்கிறார். இந்தத் திசையை மாற்றாத எந்த ஏற்பாட்டையும் கூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

வாங்கும் நம்மிடமும் ஒன்று இருக்கிறது. பணம் வயலுக்குப் போய்ச் சேர எத்தனை கை மாறுகிறதோ, தகவலும் அத்தனை கை மாறித்தான் போகிறது, பெரும்பாலும் போவதே இல்லை. தேக்காவில் எந்தப் பருமன் முதலில் விற்றுத் தீர்கிறது, எது மூலையில் கிடந்து முளைக்கிறது என்பது அண்ணனுக்கு 30 வருடமாகத் தெரியாது. அவர் நிறுவனம் இப்போது இரண்டு பொதுப் பட்டறை போட்டு, கூட்டுறவு வங்கியில் கடன் பேசி, சரக்கு வந்த அன்றே பாதிப் பணம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. விட்டுப்போனவர்களில் சிலர் திரும்பியிருக்கிறார்கள். போன மாதம் அண்ணன் போன் செய்து, "அங்க கடையில இருக்கற வெங்காயத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்பு தம்பி. பக்கத்துல ஒரு டாலர் காசு வெச்சு எடு, அப்பதான் பருமன் தெரியும்" என்றார்.

கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "கழுத்து நல்லா காயல. நம்முளுது இதவிட நல்லா இருக்கும். மூட்டையில ஊர் பேரு போட்டிருக்கான்னு பாரு."

பார்த்தேன். இறக்குமதி செய்தவர் பெயரும் இந்தியா என்றும் மட்டும் இருந்தது. அதையும் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அரைக் கிலோ வாங்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன்.